சாமி இடப்பக்கம் சாய்ந்த விஷயமாக

முருகன் துணை

முதலியார்பேட்டை,
சார்வரி வருடம் மாசி 15, ஞாயிற்றுக்கிழமை
26-2-1961

காலாப்பட்டில் இருக்கும் என் மைத்துனர் தணிகாசலம் அவர்களுக்கு, பலராமன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீடும் நான்கு கோழிகளும் க்ஷேமம். அங்கு நீங்களும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் உங்கள் வீட்டுக்காரி கமலவேணியும், பிறந்திருக்கும் ஆண் குழந்தையும், உதவிக்கென்று வந்து திரும்பாமல் இருக்கும் உங்கள் அக்கா அஞ்சலாட்சியும் க்ஷேமம்தானா என்று பதில் எழுதவும். நான் க்ஷேமம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் க்ஷேமமா இல்லையா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம். இதை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கடிதம் படிக்கிறவன் முகத்தைப் படிக்கத் தெரியும். அதனால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டு படிக்கவும்.

மச்சான், எனக்கு எதிராக இங்கே ஒரு சதி நடக்கிறது. யார் செய்கிறார்கள் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷம் மில் கேட்டில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவனையும் தடவிப் பார்த்து, தூக்குவாளியைத் திறந்து பார்த்து, சோற்றுக்கு அடியில் நூல்கண்டு இருக்கிறதா என்று பார்த்தவன் நான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் என் வேலைக்கு 'சுர்வெய்யான்' என்று பெயர். பார்த்துக்கொண்டே இருக்கிறவன் என்று அர்த்தம். அவர்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது, நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, பார்ப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. என் கண்ணுக்குத் தப்பி என் வீட்டிலிருந்தே எத்தனை சாமான் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? என் காக்கிச் சட்டை ஒன்று நான் வேலையை விட்ட வாரமே காணாமல் போயிற்று. மில்லில் எவனோ எடுத்துக்கொண்டான். பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று போயிற்று. அது என்னோடு பல்லக்குத் தூக்குகிற சக்கரபாணிதான், அவன் தோளில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன், கேட்டதற்கு ஊர் முழுக்கப் பச்சைக் கரை விற்கிறான் என்று சொன்னான். உங்கள் கல்யாணத்துக்கு முந்தி நீங்கள் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போனீர்களே, அதற்கு மறுநாளிலிருந்து என் தலையணை உறையைக் காணோம். நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஞாபகத்துக்காக எழுதினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு முருகன் கோயில் பல்லக்கில் முன்பக்கத்து இடது தண்டு என்னுடையது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முந்தி அது என் அப்பாவுடையது. வலது தண்டு சக்கரபாணி. பின்னால் இரண்டு பேர், அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பின்னால் இருப்பவர்களை யார் பார்க்கிறார்கள். தைப்பூசத்துக்கு வீதி உலா, மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை வரைக்கும் தீர்த்தவாரி. வருஷத்துக்கு இந்த இரண்டு நாளும் நான் மனுஷன். மில்லில் என் பெயரை எடுத்துவிட்டார்கள், குழந்தை குட்டி என்று எங்களுக்கு ஒன்றும் இல்லை, தெருவில் என்னைக் கூப்பிடுவதே 'முன்தண்டு பலராமன்' என்றுதான். தண்டு போனால் வெறும் பலராமன். இந்தத் தெருவில் அந்தப் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பூசத்துக்கு முன்தினம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உங்கள் அக்கா பொங்கல் கழிந்து அங்கே வந்தாள். சரியாக அன்றைக்கே கமலவேணிக்கு வலி எடுத்ததாகச் சொல்லி அனுப்பினீர்கள். குழந்தைக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. எப்போதும் பூசத்தன்று விடியற்காலையில் நான் குளித்து ஈர வேட்டியோடு நிற்பேன். உங்கள் அக்கா துண்டைச் சும்மாடாக மடித்துக்கொண்டு வந்து, தண்டு அழுத்தும் இடத்தில் என் தோளில் வைத்து, குறுக்கே ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடுவாள். ஒரு துண்டு மடிப்பது என்ன பெரிய வித்தையா? இந்த வருஷம் நானே மடித்து நானே கட்டிக்கொண்டு போனேன்.

பல்லக்கைத் தூக்கினோம். பத்து அடி கூடப் போயிருக்க மாட்டோம், சாமி கழுத்து மாலை இடப்பக்கமாக நழுவி என் காதில் வந்து விழுந்தது. குருக்கள் அதை எடுத்துப் போட்டார். மறுபடியும் விழுந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கலியபெருமாள் கூட்டத்தின் முன்னால் வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சாமி இடப்பக்கம் சாயறாரே, யாருப்பா அது" என்றார். நான் உடனே சக்கரபாணியைப் பார்த்தேன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏதோ ராணுவத்தில் இருக்கிறவன் போல வந்துகொண்டிருந்தான். என் பக்கம் இறங்கவில்லை, அவன் பக்கம் ஏறியிருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. ஒரு தராசில் ஒரு தட்டு தாழ்ந்தால் தாழ்ந்த தட்டைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், ஏறின தட்டை எவனும் சோதனை போடுவதில்லை. பெருமாள் கோயில் மூலை திரும்பும்போது சாமியின் வேல் சரிந்து குருக்கள் குடுமியில் மாட்டிக்கொண்டது. பெண்கள் எல்லாம் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டார்கள். மச்சான், அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது என்று உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

மறுநாளே இது உங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது என்று தெரிகிறது. காலாப்பட்டிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவருகிற வண்டிக்காரன் சின்னக்கண்ணு என்னைப் பார்த்ததும் முதல் பேச்சாக, "என்னா மாமா, சாமி சாஞ்சிட்டாராமே" என்றான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாந்தான் பேசிக்கிறாங்க" என்கிறான். எல்லாரும் என்றால் யார் யார், பெயர் சொல்லு என்றேன். அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது.

அதற்குள் இன்னொரு காரியம் நடந்தது. மகத்துக்கு ஒரு புதுச் சட்டை வேண்டும் என்று துணி எடுத்துக்கொண்டு தையல்கார இராமதாஸிடம் போனேன். எப்போதும் உங்கள் அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவாள், நான் போனது இதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வழக்கம் போலவா?" என்றார். வழக்கம் என்றால் என்ன வழக்கம் என்று கேட்டேன். அவர் எச்சிலை விழுங்கினார். நானும் இருபத்தெட்டு வருஷத்தில் எச்சில் விழுங்குகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பிறகு, "நேராவே தச்சிடட்டுங்களா?" என்றார். பின்னே கோணலாகவா தைப்பாய், நேராகத் தை என்று சொல்லிவிட்டு வந்தேன். சட்டை வந்தது. போட்டுப் பார்த்தால் இடது கை விரல் நுனி வரைக்கும் தொங்குகிறது, வலது கை மணிக்கட்டோடு நிற்கிறது, கீழே விளிம்பு ஏற்றமும் இறக்கமுமாக இருக்கிறது. நீ துணியைத் தின்றுவிட்டாய் என்று கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அம்மா வரட்டும், அவங்களையே கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். என் சட்டைக்கும் தையல்காரருக்கும் நடுவில் என் பெண்டாட்டி எங்கே வந்தாள்? எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு உங்களிடம் ஏதாவது பதில் இருந்தால் தனிக் காகிதத்தில் எழுதவும்.

சட்டை கோணலா, ஆள் கோணலா என்று ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் என்று, கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, எதிர்வீட்டுக் கிழவரைக் கூப்பிட்டு, இரண்டு தோளுக்கும் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் இடதுபக்கக் கோடு இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது. கிழவருக்குக் கண் தெரியாது என்று வேறு ஆளைக் கூப்பிட்டேன். அவன் போட்ட கோடும் அங்கேயேதான் விழுந்தது. சரி, தரை சாய்ந்திருக்கிறது என்று கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், கட்டையில் கண்ணாடிக் குழாய் பதித்து உள்ளே ஒரு குமிழி ஓடும், இடம் மட்டமாக இருந்தால் குமிழி நடுவில் வந்து நிற்கும். வாசலில் வைத்தேன், நடுவில் நின்றது. கூடத்தில் வைத்தேன், நடுவில் நின்றது. அடுப்பு மேடை, அம்மி, கோழிக்கூட்டின் கூரை எங்கே வைத்தாலும் நடுவிலேயே நிற்கிறது. ஒரு வீட்டில் எல்லாமே மட்டமாக இருக்க முடியுமா? அந்த ரசமட்டத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. இடது தோளை ஏற்ற முடியாது, ஆனால் வலது தோளை இறக்கலாம் அல்லவா? ஒரு பையில் இரண்டு செங்கல்லைப் போட்டு வலது தோளில் மாட்டிக்கொண்டு, காலையும் மாலையும் வாய்க்கால் ஓரமாகப் போய்வர ஆரம்பித்தேன். நாலு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் மூலையில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தத் தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்களாம், செங்கல் குறைகிறதாம். "பையில என்னா?" என்றார். செங்கல் என்றேன். "எங்கேந்து எடுத்த?" என்றார். என் வீட்டிலிருந்து என்றேன். "எங்கே எடுத்துட்டுப் போற?" என்றார். என் வீட்டுக்குத்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பையைத் திறந்தார், கையை உள்ளே விட்டுத் துழாவினார், மடியைத் தடவினார். மச்சான், ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக என்னை ஒருத்தர் சோதனை போட்டார். என் கேட்டில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஏன் தலையைக் குனிந்துகொண்டே போனார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோளை இறக்குவதற்காகச் சுமக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். "கடற்கரைப் பக்கம் ஆசிரமத்துலதான் யோகம் பண்றாங்கன்னு பார்த்தா, இங்கயுமா" என்று சொல்லி விட்டுவிட்டார். பையை வாங்குகிற பதற்றத்தில் ஒரு கல் என் இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. அதிலிருந்து இடது காலையும் கொஞ்சம் சாய்த்துத்தான் வைக்கிறேன்.

இந்த நிலையில்தான் இன்று காலை கோயிலில் பரீட்சை வைத்தார்கள். சாமி இல்லாத வெறும் பல்லக்கு. நடுவில் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றின ஒரு செம்பு. நாலு பேரும் தூக்கிக்கொண்டு கொடிமரத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் சிந்துகிறதோ அந்தப் பக்கம் குற்றம் என்று கலியபெருமாள் ஏற்பாடு. நான் உடனே ஒரு காரியம் செய்தேன். தூக்குவதற்கு முந்தி எல்லார் சும்மாட்டையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, மற்றவர்கள் யோசிப்பதற்குள் சக்கரபாணி தோளில் இருந்த துண்டை உருவிப் பிரித்து உதறினேன். உள்ளே கட்டையோ மட்டையோ இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கிள்ளுப் புகையிலைதான் விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு சொன்னான்: "இருபது வருசமா ஒன் தோளும் என் தோளும் ஒரே சாமியத் தூக்குது. மில்லு கேட்ல என்னைத் தடவினே, சரி, அது ஒன் வேலை. கோயில்லயும் தடவுறியே பலராமா." இதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு தூக்கினோம். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, இடது தோளை என்னால் முடிந்த மட்டும் மேலே தள்ளிக்கொண்டு நடந்தேன். கொடிமரத்தின் பாதிச் சுற்று வரைக்கும் ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை. அங்கே யாரோ ஒரு கிழவி, "பாவம், தோளத் தூக்கிப் புடிச்சிக்கினு எப்படி நடக்கிறாரு பாரு" என்றாள். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மூச்சு விட்டுப்போயிற்று. செம்பு முழுக்க என் பிடரியில் கவிழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கலியபெருமாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பலராமா, கோச்சிக்காதே. மகத்துக்கு நீ குடை புடிச்சிக்க. தண்டுக்கு நம்ம முருகையன் பையனை விட்டுடுவோம்" என்றார். குடை பிடிப்பது யார் தெரியுமா உங்களுக்கு? பல்லக்குத் தூக்கவே முடியாதவன் பிடிப்பது குடை. நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதன் பேரில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவை பரீட்சை வைக்கிறேன் என்றிருக்கிறார். அதிலும் சிந்தினால் குடைதான். புதன்கிழமை மகம்.

ஈரத்தோடு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். கண்ணாடியில் இருக்கிற ஆள் என்னைப் போலத்தான் இருக்கிறான், ஆனால் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதற்குக் காது கொடுக்கிறவன் போல ஒரு பக்கமாக நிற்கிறான். நான் எப்போதும் நேராக நிற்கிறவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மில் கேட்டில் எனக்கு இடப்பக்கமாகத்தான் ஆட்கள் வெளியே போவார்கள். ஒவ்வொரு தூக்குவாளிக்கும் நான் இடப்பக்கமாகக் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு தூக்குவாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சும்மா ஞாபகத்துக்கு வந்தது, இதற்கும் தோளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆகவே நான் உங்களுக்குத் தெரியப்படுத்துவது என்னவென்றால், என் சந்தேகம் முழுதும் இப்போது உங்கள் வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. உங்கள் அக்கா இங்கே இருந்த வரைக்கும் சாமி நேராக இருந்தார், சட்டை நேராக இருந்தது, நானும் நேராக இருந்தேன். அவள் அங்கே வந்த பிறகுதான் எல்லாம் சாய்கிறது. அவளைப் பிரசவத்துக்கு உதவி என்று கூப்பிட்டுவிட்டு, நீங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகப்போகும்போதும் ஒரு பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? இதைக் கண்டவுடன் அவளை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பவும். அனுப்பாத பட்சத்தில், நான் மகத்தன்று குடை பிடிக்கவும் மாட்டேன், தண்டு பிடிக்கவும் மாட்டேன், இனிமேல் அந்தக் கோயில் வாசல் மிதிக்கவும் மாட்டேன் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். தையல்காரரையும் சக்கரபாணியையும் சின்னக்கண்ணுவையும் நான் மறக்கப்போவதில்லை. தலையணை உறை விஷயத்தையும்தான்.

கமலவேணிக்கு என் ஆசீர்வாதம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லவும். குழந்தை தீர்க்காயுசாக, நேரான முதுகோடு வளரட்டும். வீட்டுக்கு வந்துபோகிற பெரியவர்களுக்கெல்லாம் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா புருஷன்,
முன்தண்டு (செவ்வாய்க்கிழமை வரையில்) பலராமன்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. மேலே இருப்பதைத் தபாலில் சேர்க்கலாம் என்று சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சின்னக்கண்ணு வண்டியை வாசலில் நிறுத்தி, உங்கள் அக்கா கொடுத்ததாக ஒரு பொட்டலம் கொடுத்தான். துண்டை மடித்து, சுற்றிலும் கறுப்பு நூலால் நெருக்கித் தைத்திருந்தது. "பிரிக்காம அப்படியே தோள்ல வச்சி கட்டிக்கச் சொல்லுச்சி அக்கா. பூசத்துல சாமி சாஞ்ச சேதிய நான்தான் போய்ச் சொன்னேன். அதுலேந்து ராவெல்லாம் ஒக்காந்து தைக்குது" என்றான். பிரிக்காமல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை ஊறியது. இருபத்தெட்டு வருஷத்தில் பிரிக்காத பொட்டலம் ஒன்றைக் கூட நான் வெளியே விட்டதில்லை, உள்ளேயும் விட்டதில்லை. பிளேடை எடுத்து நாலு பக்கமும் அறுத்துவிட்டேன்.

உள்ளே பத்து மடிப்பு இருந்தது மச்சான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துத் துணி. என் காக்கிச் சட்டையின் முதுகு இருந்தது. பச்சைக் கரைத் துண்டு இருந்தது. அதற்கு அடியில் என் தலையணை உறை இருந்தது. நான் வருஷத்துக்கு ஒருவர் மேல் திருட்டுப் பட்டம் கட்டினேனே, அந்தச் சாமான் அத்தனையும் அங்கே இருந்தது. மேலே புதிதாக ஒரு பழம்புடவைத் துண்டு. அது கமலவேணியுடையது என்று சின்னக்கண்ணு சொன்னான். வருஷத்துக்கு ஒரு மடிப்பு வீதம் என் தோள் இறங்க இறங்க அவள் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள், ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல். என்னிடம் கூட. பொங்கல் கழிந்து அங்கே வரும்போதும் இதை என் கண்ணில் படாமல் மூட்டையோடு கட்டி எடுத்து வந்திருக்கிறாள். அழுத்திப் பிடித்து அளந்து பார்த்தேன். கதவு நிலையில் சாக்பீஸ் காட்டிய அதே இரண்டு விரற்கடை. இத்தனை வருஷமாக அந்தத் தண்டை நான் ஒருவன் மட்டும் தாங்கவில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சின்னக்கண்ணு நல்லவன், மாட்டைப் பார்ப்பது போல வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனைக் கூப்பிட்டு, பத்துத் துணியையும் இருந்தபடியே அடுக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு தோளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "மாமா, குமிழி நட்ட நடுவுல நிக்குது" என்றான். அசையாமல் அப்படியே வெகுநேரம் நின்றேன். அப்புறம் அவன் மடியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தான். உள்ளே ஒரு ஊசியும் கறுப்பு நூலும். "எப்படியும் பிரிச்சிடுவாரு, பிரிச்சப்புறம் இதக் குடுன்னு சொல்லுச்சி அக்கா" என்றான்.

ஆகையால் மேலே எழுதினதில் வணக்கமும் ஆசீர்வாதமும் மட்டும் நிற்கட்டும். மற்றதையெல்லாம் நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். அக்காவை அனுப்ப வேண்டாம், குழந்தைக்கு நாற்பது நாள் ஆகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் தலையணை உறை எடுக்கவில்லை. கடிதத்தையும் கொட்டகைக்குப் போய்ப் படிக்க வேண்டாம், அவள் பக்கத்தில் உட்கார்ந்தே படிக்கலாம். இதைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் சக்கரபாணி வீட்டுக்குப் போய் ஒரு கட்டுப் புகையிலை கொடுத்துவிட்டு, தையல்காரர் கடைக்குப் போகிறேன். ஊசியில் நூல் கோக்க என் கண்ணுக்கு ஆகாது. சட்டையையும் கையோடு எடுத்துப் போகிறேன். வழக்கம் போலவா என்று அவர் கேட்பார். ஆமாம், வழக்கம் போலவே என்று சொல்லப்போகிறேன்.